அமெரிக்கா வர்ற அப்பா அம்மாவ ஆத்தங்கரைக்கு கூட்டிட்டுப் போங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க வீட்டுல ஆறு மாசம் தங்கிட்டு வர்ற பெத்தவங்களப் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். கார் ஓட்டத் தெரியாம, பக்கத்து வீட்டுல பேச ஆள் இல்லாம, காலையில மகனும் மருமகளும் வேலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கிறத அப்படியே எழுதியிருந்தீங்க, ஒரு வரி கூட மிகை இல்ல. ஆனா கடைசியில அதுக்கு வழின்னு நீங்க போட்டிருந்த லிஸ்ட், நயாகரா, டைம்ஸ் ஸ்கொயர், அவுட்லெட் மால், பக்கத்து ஊர் கோயில், இது எனக்கு ஒத்து வரல. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நயாகரா நல்லாத்தான் இருக்கும், யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா அங்க போனா பெரியவங்க பண்றதுக்கு என்ன இருக்கு, நிக்கச் சொன்ன இடத்துல நிக்கணும், போட்டோவுக்கு சிரிக்கணும், கார்ல ஏறணும். ஊர்ல நாலு பேருக்கு வேலை சொல்லி வாழ்ந்த மனுஷங்க இங்க வந்து ஆறு மாசமும் யாரோ கூட்டிட்டுப் போற லக்கேஜா ஆயிடறாங்க. அவங்களுக்கு வேடிக்கை பாக்க இடம் கம்மியா இருக்குங்கறது பிரச்சினையே இல்லைங்க, அவங்க கண்ணுக்கும் மூளைக்கும் வேலை இல்ல, அதான் பிரச்சினை. அந்த வேலைய குடுக்குற ஒரு விஷயம் எங்க வீட்டுல கிடைச்சுது, ஜியோகேச்சிங்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். யாரோ ஒருத்தர் தண்ணி புகாத ஒரு சின்ன டப்பாவ ஒரு பொது இடத்துல ஒளிச்சு வச்சிட்டு அதோட அட்சரேகை தீர்க்கரேகைய இந்த விளையாட்டுக்குன்னு இருக்குற ஆப்ல போட்டு விடுவாங்க, கூடவே அந்த இடத்தப் பத்தி ரெண்டு பாரா எழுதி ஒரு குறிப்பும் குடுப்பாங்க. நாம போன்ல ஜிபிஎஸ் பாத்துக்கிட்டே அங்க போய் தேடணும். கிடைச்சா உள்ள ஒரு சுருட்டின பேப்பர் இருக்கும், அதுல பேரும் தேதியும் எழுதிட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்ப வச்சிடணும். பெரிய டப்பான்னா உள்ள பொம்மை, காசு, கீ செயின்னு ஏதாவது கிடக்கும், ஒன்ன எடுத்தா அதே அளவு மதிப்புள்ள இன்னொன்ன வைக்கணும். அவ்வளவுதான் விளையாட்டு, பரிசும் கிடையாது, ஜெயிச்சவன் தோத்தவனும் கிடையாது.

இது வந்த கதையே நல்லா இருக்கும். 2000 வரைக்கும் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கு கிடைக்கிற ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே பிழை கலந்து அனுப்பிட்டு இருந்துச்சு, நூறு மீட்டர் வரைக்கும் கூட தள்ளிக் காட்டும். அந்த வருஷம் மே முதல் வாரத்துல அத நிறுத்தினாங்க. நிறுத்தின உடனே, மே 3, ஆரிகன் மாநிலத்துல பீவர்கிரீக்னு ஒரு ஊர் பக்கம் டேவ் உல்மர்ங்கறவரு ஒரு பக்கெட்டுல புக்கு, சாஃப்ட்வேர், ஒரு கவட்டைவில், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் போட்டு காட்டோரமா வச்சிட்டு இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய மட்டும் இன்டர்நெட்ல சொன்னாரு. சில நாள்லயே ஆளுங்க தேடி எடுத்துட்டாங்க. இன்னைக்கு உலகம் பூரா 30 லட்சத்துக்கு மேல டப்பா இருக்கு.

இப்ப நான் சொல்ல வந்த ஊர் வில்லியம்ஸ்போர்ட். நாங்க இருக்கிறது பென்சில்வேனியா நடுவுல ஸ்டேட் காலேஜ் பக்கம், அங்கேருந்து கார்ல ஒன்னேகால் மணி நேரம் போல. சஸ்குவஹானா ஆத்தோட மேற்குக் கிளை ஊர ஒட்டி ஓடுது, கரை மேல வெள்ளத்துக்காக போட்ட உயரமான மண் கரை, அது மேலயே தார் போட்ட நடைபாதை, ரெண்டு பாலத்தையும் சேத்து ஆத்தோட ரெண்டு பக்கமும் சுத்தி வரலாம். மார்க்கெட் ஸ்ட்ரீட் பாலத்துல ஆரம்பிச்சு மேனார்ட் ஸ்ட்ரீட் பாலம் வரைக்கும் போய் எதிர்க்கரையில திரும்பி வரலாம். படிக்கட்டு ஏற வேண்டியதில்ல, மூட்டு வலி இருக்கிறவங்களும் மெதுவா நடக்கலாம். குழந்தைங்க பேஸ்பால் உலகப் போட்டி வருஷா வருஷம் நடக்கிறது அக்கரையில இருக்குற சவுத் வில்லியம்ஸ்போர்ட்லதான், அதனால இந்த ஊர் பேரு அமெரிக்காவுல எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி இந்த ஊர் வேற ஒன்னுக்கு பேர் போனது, மரம்.

இந்த இடத்துல எங்க அப்பாவப் பத்தி சொல்லணும். அவரு செங்கோட்டையில சா மில்லுல வேலைக்குச் சேந்து பெறகு சொந்தமா ஒரு சின்ன மரக்கடை வச்சவரு. ஆரியங்காவு வழியா லாரியில வர்ற மரத்தடிய இறக்கி, டேப்ப சுத்தி கனஅடி கணக்கு போட்டு, ரம்பத்துல எந்தப் பக்கம் குடுத்தா பலகை சேதம் கம்மியா விழும்னு பாத்தவுடனே சொல்லுவாரு. எங்க வீட்டுக்கு வந்தப்ப அவருக்கு பிடிச்ச ஒரே இடம் எங்க வீட்டுப் பின்னாடி பலகை அடிச்ச திண்ணை மாதிரி இருக்குற டெக், அதுவும் என்ன மரம்னு தடவிப் பாக்கிறதுக்காக. அவர கூட்டிக்கிட்டு இந்த நடைபாதைக்கு போனோம், பேரப் பையன் கையில போன், தாத்தா பின்னாடி.

போன் காட்டுற இடம் சரியா வரும், ஆனா கடைசி பத்து மீட்டர் போன் உதவாது. அங்கதான் கண்ணு வேணும். பையன் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு சுத்திச் சுத்தி வந்தான், அப்பா போனத் தொடவே இல்ல, ஒரு இடத்துல நின்னு சுத்தி நிதானமா பாத்தாரு, பாத்துட்டு, "ஏல, அந்த போல்ட்டு மட்டும் துருப்பிடிக்காம இருக்கு பாரு, இந்த வெயில்லயும் மழையிலயும் அது எப்படிலா"ன்னாரு. அது போல்ட்டே இல்ல, காந்தம் வச்ச டப்பா. அது எங்க இருக்குன்னு இதுக்கு மேல எழுத மாட்டேன், எழுதினா அடுத்து தேடிப் போறவங்க சந்தோஷம் போயிடும். ஆனா அன்னைலேருந்து எங்க வீட்டுல இந்த வேலைக்கு தலைவர் அப்பாதான். நாப்பது வருஷம் மரத்துல வெடிப்பும் பூச்சி ஓட்டையும் தேடின கண்ணுக்கு முன்னாடி இந்த டப்பாவெல்லாம் எம்மாத்திரம்.

டப்பாவுக்காக போன இடத்துலதான் அந்த ஊர் கதை ஒவ்வொன்னா வெளிய வந்துச்சு. நடைபாதை ஓரமா மரத்தொழில் வரலாறு எழுதின பலகைங்க இருக்கு, மரம் வெட்டுற தொழிலாளி சிலை இருக்கு, சும்மா நடந்து போறப்ப யாரும் நின்னு படிக்கிறதில்ல. டப்பா தேடுறப்ப குறிப்பு அங்கதான் இருக்கும்னு நெனச்சு வரி வரியா படிப்போம், நான் படிச்சு தமிழ்ல சொல்ல அப்பா கேப்பாரு.

19ஆம் நூற்றாண்டுல மேல இருக்குற மலையில பூரா வெள்ளை பைனும் ஹெம்லாக்கும், ரெண்டும் ஊசியிலை மரம். ரோடு கிடையாது, அதனால குளிர்காலத்துல வெட்டி ஓடைக்கரையில அடுக்கி வச்சு, வசந்தத்துல பனி உருகி தண்ணி பெருகினதும் அப்படியே ஆத்துல தள்ளி விடுவாங்க. எல்லா முதலாளியோட தடியும் ஒன்னா கலந்து மிதந்து வரும். அத மடக்கிப் பிடிக்க வில்லியம்ஸ்போர்ட்டுக்கு மேல ஆத்துக்குள்ளயே ஒரு வேலி கட்டினாங்க, பூம்னு சொல்றாங்க. 1846ல அதுக்கு ஒரு கம்பெனி. மரக்கட்டைய அடுக்கி 22 அடி உயரத்துக்கு பெட்டி கட்டி உள்ள பாறை நிரப்பி ஆத்துல எறக்குவாங்க, அப்படி 352 பெட்டி, ஒன்னுக்கு ஒன்னு நடுவுல சங்கிலி போட்ட தடிங்க மிதக்கும், மொத்தம் சுமார் 7 மைல் நீளம். வந்த தடிய எல்லாம் அங்க நிறுத்தி எது யாரோடதுன்னு பிரிச்சு அந்தந்த மில்லுக்கு அனுப்பணும்.

எப்படி பிரிப்பாங்கன்னு நான் படிக்கிறதுக்கு முன்னாடியே அப்பா சொல்லிட்டாரு. "தடியோட தலையில சுத்தியல் முத்திரை குத்தியிருப்பான்"னு. அதேதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அடையாளம், இரும்பு சுத்தியல்ல அந்த அடையாளத்த வார்த்து தடி முனையில ஓங்கி அடிப்பாங்க. நம்ம ஊர்ல வனத்துறை டிப்போவுல ஏலம் விடுற தடியில குத்துற அதே ஹேமர் மார்க். ஊர்ல மியூசியம் ஒன்னு இருக்கு, டேபர் மியூசியம்னு, ஃபோர்த் ஸ்ட்ரீட்ல, அங்க மரத்தொழிலுக்குன்னே தனி பகுதி வச்சிருக்காங்க. அங்க எங்க அப்பா நின்ன நேரத்துல நாங்க சாப்பிட்டுட்டே வந்திருக்கலாம்.

1873ல மட்டும் இந்த ஊர் மில்லுங்க அறுத்தது 31 கோடியே 80 லட்சம் போர்டு அடி. போர்டு அடின்னா ஒரு அடி நீளம் ஒரு அடி அகலம் ஒரு இஞ்சு கனம், 12 சேந்தா நம்ம ஒரு கனஅடி. அப்பா பேப்பர் வாங்கி கணக்கு போட்டாரு, 2 கோடியே 65 லட்சம் கனஅடி, ஒரே வருஷத்துல ஒரே ஊர்ல. போட்டு முடிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இவ்வளவு அறுத்தா மலையில என்னத்த விட்டிருப்பான்"னாரு. அந்த கேள்வி புக்கு படிச்ச எனக்கு தோணல, மரம் அறுத்த மனுஷனுக்கு தோணுது.

நெஜமாவே ஒன்னும் விடலைங்க. பைன் தீந்ததும் ஹெம்லாக்க வெட்டினாங்க, தோல் பதனிடுற ஆலைக்கு அதோட பட்டை வேணும், பல இடத்துல பட்டைய உரிச்சிட்டு மரத்த அப்படியே காட்டுல அழுக விட்டாங்க. மிச்சம் கிடந்த காஞ்ச கிளையில எல்லாம் தீ பிடிச்சு மலை மலையா எரிஞ்சுது. மழை பெஞ்சா மண்ணு அரிச்சு ஆத்துக்கு வந்துடும். பென்சில்வேனியா பாலைவனம்னு பேரே வச்சாங்க அந்த மலைங்களுக்கு. இன்னொரு பக்கம் ஃபோர்த் ஸ்ட்ரீட்ல மர முதலாளிங்க வரிசையா மாளிகை கட்டினாங்க, மில்லியனர்ஸ் ரோன்னு இப்பவும் சொல்றாங்க, ஊர் ஹைஸ்கூல் டீம் பேரே மில்லியனர்ஸ்தான்.

தொழிலாளிங்க கதையும் இருக்கு, அத யாரும் மாளிகை அளவுக்கு பெருசா சொல்றதில்ல, அதனால நான் சொல்லணும்னு நெனைக்கிறேன். 1872 கோடையில மில் தொழிலாளிங்க ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல வேலை பாக்க மாட்டோம்னு ஸ்ட்ரைக் பண்ணாங்க. பத்து மணி நேரம், இல்லன்னா மரத்தூள் கிடையாது, இதுதான் அவங்க கோஷம். கவர்னர் துப்பாக்கியோட படைய அனுப்பினாரு, தலைவருங்களுக்கு தண்டனை ஆச்சு, அப்புறம் அதே கவர்னர் மன்னிப்பும் குடுத்தாரு. மரத்தூள் யுத்தம்னு பேரு. அப்பா இத ரெண்டு தடவை சொல்லச் சொன்னாரு. செங்கோட்டையில அவரு சேந்த காலத்துல விடியறதுக்கு முன்னாடி போய் ராத்திரி லாரி லோடு ஏத்தி முடிச்சுதான் வீட்டுக்கு வருவாராம், அந்த வயசுல அவருக்கு யாரும் மணி கணக்கு சொல்லலையாம். இத என்கிட்ட அவரு அதுவரைக்கும் சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல.

மீதி கதைய வேகமா சொல்லிடறேன். 1889 மே கடைசியில பெரிய மழை, ஜான்ஸ்டவுன்ல அணை உடைஞ்சு 2,200 பேருக்கு மேல செத்துப் போன அதே மழை, இங்க பூம அறுத்துக்கிட்டு கோடிக்கணக்கான அடி மரத்த கடல் பக்கம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. 1894ல மறுபடியும் வெள்ளம். மலையிலயும் மரம் இல்ல, 1909ல பூமையே மூடிட்டாங்க. 1936ல வந்த வெள்ளத்துக்கு அப்புறம் ராணுவ இன்ஜினியருங்க இந்த மண் கரைய கட்டினாங்க, 1940ல ஆரம்பிச்சு 1955 வரைக்கும் இழுத்துச்சு. 1972ல ஆக்னஸ் புயல்ல கீழ இருக்குற ஊரெல்லாம் மூழ்கினப்ப இந்தக் கரை தாங்குச்சு. இப்ப நாம டப்பா தேடுறது அந்தக் கரை மேலதான். தண்ணி வத்துற மாசத்துல ஊருக்கு மேல ஆத்துக்குள்ள பழைய பூம் பெட்டியோட மிச்சம் கல்லு குவியலா தெரியும், விசாரிச்சுட்டு போய் பாருங்க.

ஆனா கரை மேல நின்னு தெக்க பாத்தா மலை பூரா பச்சையா இருக்கு, அது எப்படின்னு கேக்கணும்ல. ஜோசப் ராத்ராக்னு ஒரு டாக்டர், தாவரவியலும் படிச்சவரு, ஊர் ஊரா போய் காடு போனா தண்ணி போகும்னு பேசினாரு. 1895ல மாநிலத்துக்கு முதல் வனத்துறை கமிஷனரா அவரப் போட்டாங்க. வெட்டி முடிச்சிட்டு வரி கூட கட்டாம முதலாளிங்க விட்டுட்டுப் போன மொட்டை நிலத்த அரசாங்கம் கொஞ்சங் கொஞ்சமா வாங்குச்சு. 1933லேருந்து 1942 வரைக்கும் வேலை இல்லாத இளைஞருங்கள முகாம் போட்டு தங்க வச்சு கன்னு நட்டாங்க, தீ தடுப்பு வேலை பாத்தாங்க, ரோடு போட்டாங்க. இன்னைக்கு பென்சில்வேனியாவுல மாநில அரசு காடு மட்டும் சுமார் 22 லட்சம் ஏக்கர். இலையுதிர் காலத்துல நாம இலை கலர் மாறுறத பாக்கப் போறது எல்லாம் மொட்டையா கிடந்த மலைல மறுபடி முளைச்சது, பழைய பைன் இல்ல, ஓக்கும் மேப்பிளும்தான் அதிகம். அப்பா இதக் கேட்டதும் ஒவ்வொரு மலையையும் பாத்து வயசு சொல்ல ஆரம்பிச்சிட்டாரு.

இப்படி ஒரு மனுஷன் பேசுறத நாலு மாசமா நான் கேக்கல சார். தாத்தா சொல்றத பேரன் இங்கிலீஷ்ல ஆப்ல எழுதினான், அப்படி எழுதுறதுக்கு அவன் தாத்தாகிட்ட கேள்வி கேக்க வேண்டியிருந்துச்சு, கனஅடின்னா என்ன, தடின்னா என்ன, ஏன் நுனிப்பக்கம் விலை கம்மின்னு. தமிழ் கிளாஸ்ல ரெண்டு வருஷம் உக்காந்தும் வராத வார்த்தையெல்லாம் அங்க வந்துச்சு.

பிள்ளைங்கள போன்லேருந்து பிரிக்கணும்னு உங்க பத்திரிகையிலயே பல தடவை எழுதியிருக்கீங்க, அது சரி, ஆனா இந்த விளையாட்டையும் அந்தக் கணக்குல சேத்துடாதீங்கன்னு கேட்டுக்கறேன். இதுல போன் வழி காட்டுறதோட சரி, மிச்சம் பூரா கால்லயும் கண்ணுலயும்தான்.

பெத்தவங்கள கூட்டிட்டுப் போற பிள்ளைங்களுக்கு சிலது சொல்லணும். ஆப்ல ஒவ்வொரு டப்பாவுக்கும் ரெண்டு எண் இருக்கும், தேடுறது எவ்வளவு கஷ்டம், நடந்து போற வழி எவ்வளவு கஷ்டம், 1லேருந்து 5 வரைக்கும். வழிக்கு போட்டிருக்குற எண் ஒன்னு ஒன்றரையா இருந்தா மட்டும் பெரியவங்களோட போங்க, அதுக்கு மேல போகப் போக வழி கஷ்டமாகும், பாறை ஏற, ஓடை தாண்ட வேண்டி வரலாம். கரை மேல மரமே கிடையாது, வேர் ஓடினா கரை பலமிழந்துடும்னு மரம் வளர விடறதில்ல, அதனால ஜூலை வெயில்ல தொப்பியும் தண்ணியும் இல்லாம எறங்காதீங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா நல்லா இருக்கும், இருட்ட ஒன்பது ஆயிடும். பாத்ரூம் எங்க இருக்குன்னு முன்கூட்டியே பாத்து வச்சிடுங்க, இத நம்ம ஆளுங்க வாய் விட்டு கேக்க மாட்டாங்க, தண்ணிய குடிக்காம சமாளிப்பாங்க. உயரமான புல்லுக்குள்ள போகாதீங்க, அமெரிக்காவுலயே லைம் நோய் ரொம்ப அதிகமா வர்ற மாநிலத்துல இதுவும் ஒன்னு, உண்ணி கடிச்சா வர்றது, வீட்டுக்கு வந்ததும் கணுக்கால், முழங்கால் பின்பக்கம், கழுத்து எல்லாம் பாத்துடுங்க. மண்ண எங்கயும் தோண்டாதீங்க, இந்த விளையாட்டுக்கு தோண்ட வேண்டியதில்ல. யாராவது வந்து என்ன தேடுறீங்கன்னு கேட்டா நேரா சொல்லுங்க, ஜியோகேச்சிங்னா அங்க பல பேருக்கு தெரியும், எங்க அப்பாகிட்ட கேட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு தன்னோட தாத்தா மில்லுல இருந்தாருன்னு சொல்லி அரை மணி நேரம் நின்னாரு, நான் நடுவுல நின்னு மொழிபெயர்த்தே களைச்சுப் போயிட்டேன்.

நம்ம ஊர்ல, குறிப்பா தாமிரபரணி கரையில, யாராவது இப்படி டப்பா வைக்கணும்னு ஆசைப்பட்டா, அந்த இடம் யாரோடதுன்னு பாத்து அனுமதி வாங்கிட்டு வைங்க. காட்டுப் பகுதின்னா வனத்துறைய கேக்காம வைக்கவே வைக்காதீங்க. ஒரு டப்பாவுக்கும் இன்னொன்னுக்கும் 161 மீட்டர் இடைவெளி இருக்கணும்ங்கறதும் விதி. சாப்பிடுற பொருள் எதுவும் உள்ள வைக்கக் கூடாது, எறும்பும் குரங்கும் விடாது.

அடுத்த கோடைக்கு முன்னாடி, இந்த மாதிரி சின்ன ஊருங்களப் பத்தியும் உங்க இணைப்புல எழுதச் சொல்லுங்க சார். எழுதுறப்ப அங்க போற பெரியவங்க என்ன தொழில் பாத்தவங்கங்கறத வச்சு எழுதச் சொல்லுங்க. மில்லுல இருந்தவருக்கு வில்லியம்ஸ்போர்ட், ரயில்வேயில இருந்தவருக்கு ஆல்டூனா, அங்க மலைய சுத்தி ரயில் திரும்புற ஹார்ஸ்ஷூ கர்வ் இருக்கு, 1854ல போட்டது. நிலக்கரியில இருந்தவங்களுக்கு ஸ்க்ரான்டன்ல சுரங்கத்துக்குள்ளயே எறங்கிப் பாக்கலாம். நெய்வேலியிலேருந்து வர்ற அப்பாக்கள் எத்தன பேரு இருப்பாங்க, அவங்கள மாலுக்கு கூட்டிட்டுப் போய் பெஞ்சுல உக்கார வைக்கிறோம்.

கிளம்புறப்ப பையில ஒரு பேனாவோ பென்சிலோ போட்டுக்குங்க, பாதி டப்பாவுல இருக்காது. பெத்தவங்க பேர தமிழ்லயே எழுதச் சொல்லுங்க, அந்தப் பேப்பர்ல எந்த மொழியிலயும் எழுதலாம்.

இப்படிக்கு,
செங்கோட்டை மரக்கடைக்காரர் மகள்,
ஸ்டேட் காலேஜ், பென்சில்வேனியா